எட்டாம் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்த கருவி

மூன்று கையெழுத்துகளில் இரண்டு விழுந்துவிட்டன. தலைமையாசிரியர் கணேசபாண்டியன் செவ்வாய்க்கிழமை காலையே போட்டுவிட்டார். கொள்முதல் குழுவின் தலைவர் என்ற முறையில் நானும் அவர் கையெழுத்துக்குக் கீழே போட்டேன். மூன்றாம் இடம் அறிவியல் ஆசிரியை உமைராவுக்கு உரியது. அது காலியாக இருந்தது.

தாராவியில் எங்கள் சங்கம் நடத்தும் பள்ளிக்கு ஓர் அறக்கட்டளை பன்னிரண்டு மெய்நிகர்க் காட்சிக் கருவிகளைத் தர முன்வந்திருந்தது. பிள்ளைகள் அவற்றை வி.ஆர். ஹெட்செட் என்பார்கள். முகத்தில் பொருத்திக்கொண்டால் வகுப்பறை மறைந்துவிடும். மனித இதயத்தின் உள்ளறையில் நிற்பதுபோல் தோன்றும். தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்பும். எந்தக் கருவி வேண்டும் என்பதைப் பள்ளியே முடிவுசெய்து, மூவர் கையெழுத்துடன் சனிக்கிழமை நண்பகலுக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். தவறினால் அவை பட்டியலில் அடுத்து நிற்கும் கோவண்டிப் பள்ளிக்குப் போய்விடும்.

இறுதிச் சுற்றில் இரண்டு கருவிகள் எஞ்சின. முதற்கருவியில் பேட்டரி, தலையைச் சுற்றிவரும் கெட்டியான வளையத்தின் பின்பகுதியில் இருந்தது. ஆகவே எடை முன்னும் பின்னும் சமமாகப் பங்கிடப்பட்டு, மூக்கில் அழுத்தம் இல்லாமல் நின்றது. பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் வளையம் தலைக்கேற்ப இறுகும். இரண்டாம் கருவியில் பேட்டரி உட்பட அனைத்தும் முன்பகுதியிலேயே அடங்கியிருந்தன. துணிப்பட்டையால் தலையில் கட்ட வேண்டும். கட்டினாலும் முன்னோக்கிச் சரியும்.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றியவள் நான். பதினான்கு தலைப்புகளின் கீழ் மதிப்பெண் அட்டவணை தயாரித்திருந்தேன். காட்சித் தெளிவு, பேட்டரி தாங்கும் நேரம், பழுதுபார்க்கும் வசதி, வயது வரம்பு எனப் போய், அணிபவரின் சௌகரியத்தில் அது முடிந்தது. பன்னிரண்டு தலைப்புகளில் முதற்கருவி வென்றது. சௌகரியத்தைக் கணேசபாண்டியன் அணிந்து பார்த்துச் சொன்னார். அவருடைய நெற்றி உச்சந்தலை வரை நீண்டிருக்கும். கருவி அவர் தலையில் கிரீடம்போல் உட்கார்ந்தது. செம்பூர் விநியோகஸ்தரிடமிருந்து வந்திருந்த ஆதர்ஷ் என்னும் இளைஞர், ஃபிட்டிங் ஏக்தம் பக்கா, கச்சிதம் என்றார். என்னையும் அணிந்து பார்க்கச் சொன்னார். கொண்டை கலையும் என்று மறுத்துவிட்டேன்.

உமைரா பதினோர் ஆண்டுகளாக இங்கே கற்பிக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும், வேண்டாத ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அன்று அட்டவணையை முழுவதும் படித்தார். ஒரு தலைப்பைக்கூடத் தாண்டவில்லை. பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"போட மாட்டேன்னு சொல்லல மேடம். பிள்ளைய தலையில மாட்டிப் பாக்காம போட மாட்டேன்னு சொல்லுதேன்."

இது கொள்முதல் விதிகளுக்கு உட்பட்ட கோரிக்கைதான். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. புதன்கிழமை எட்டாம் வகுப்பில் சோதனை என்று முடிவாயிற்று.

ஆதர்ஷ் முதற்கருவிகளில் நான்கைக் கொண்டுவந்தார். வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் இருபத்து நால்வர் பெண்கள். பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அணிந்து, மாற்றிக் கொடுத்து, வாய்பிளந்து நின்றார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பிரேமலதா என்ற பெண்ணின் முறை வந்தது.

எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னலை மடித்து, காதுக்குப் பின்னால் சிவப்பு ரிப்பனால் கட்டிக்கொண்டு வர வேண்டும். முக்காடு இடுபவர்களுக்கு மட்டும் வெள்ளை முக்காடு. இந்த விதியை எழுதியவள் நான். வளையம் பிரேமலதாவின் மடித்த பின்னல்கள்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆதர்ஷ் திருகை இறுக்க இறுக்க அது மேலே எழும்பியது. கண்ணுக்கு நேராக நிற்க வேண்டிய வில்லைகள் புருவத்துக்கு நேராக நின்றன. அந்தப் பெண் கழுத்தை வளைத்தும் நிமிர்த்தும் காட்சியைத் தேடினாள்; சிவப்பாக ஏதோ தெரிகிறது என்று மட்டும் சொன்னாள். கழற்றியபோது ஒரு ரிப்பனும் கருவியோடு வந்தது. வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். வளையத்தின் உட்புறப் பஞ்சில் ஏறியிருந்த தேங்காயெண்ணெயை ஆதர்ஷ் துடைத்தார்.

அடுத்தவள் அஸ்ரின். அவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய முக்காடு இரண்டு இடங்களில் ஊசி குத்தி நின்றது. வளையம் பொருந்த வேண்டுமானால் அதை அவிழ்க்க வேண்டும். வகுப்பில் பத்தொன்பது பையன்கள் இருந்தார்கள்.

"நான் பாத்தாச்சு மிஸ்," என்றாள்.

அவள் பார்க்கவில்லை என்பது உமைராவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உமைரா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கையிலிருந்த குறிப்பேட்டில், பிரேமலதாவுக்கு இட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். அவளுக்குப் பின்னால் இருந்த பெண்ணும் பார்த்தாயிற்று என்றாள். அதற்கு அடுத்தவளும் அவ்வாறே. மணி அடித்தபோது குறிப்பேட்டில் பத்தொன்பது கோடுகள் இருந்தன. இருபத்து நான்கு பெண்களில் ஐந்து பேர்தாம் இதயத்தின் உள்ளே போய்வந்திருந்தார்கள். அவர்கள் பின்னல் போட முடியாத அளவுக்கு முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டவர்கள்.

ஆசிரியர் அறையில் கணேசபாண்டியன் மூன்று யோசனைகள் சொன்னார். அந்தப் பாடம் நடக்கும் நாளில் மட்டும் தலையைத் தளரப் பின்னிவர அனுமதிக்கலாம். பெண்களைத் தனி அறையில் உட்காரவைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால், பையன்கள் பார்ப்பதை அப்படியே டிவியில் காட்டினால் பெண்கள் பெஞ்சிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அவர் நல்ல மனிதர். கருவிகள் கைநழுவிப் போகக்கூடாது என்ற கவலையில்தான் பேசினார். தனி அறை என்றால் இன்னொரு ஆசிரியை வேண்டும், அவருக்கு ஏது நேரம் என்று உமைரா பொறுமையாக விளக்கினார். டிவி என்றதும் மட்டும் நிமிர்ந்தார்.

"டிவியில பாக்குறதுக்கு இத எதுக்கு சார் வாங்கணும்? பொம்பளப் பிள்ளைய இந்த வகுப்புல பாதிக்கு மேல. அவளுவ வேடிக்கை பாக்க, இவனுவ பாடம் படிக்க, அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

பின்னல் விதியைத் தளர்த்த நான் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னேன். விதி இருக்கட்டும் மேடம், பொருளை மாற்றுவோம் என்றார் உமைரா. முதல் நாள் நான் கருவியை அணிய மறுத்த காரணம் அப்போதுதான் என் நினைவில் வந்து நின்றது. எனக்கு இருந்த தடையே அந்தப் பத்தொன்பது பெண்களுக்கும் இருந்தது. அட்டவணையில் அதை எழுதவேண்டியவள் நான். வழுக்கைத் தலை ஒன்றில் சோதித்துவிட்டு, சௌகரியத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

உமைரா ஆதர்ஷிடம் இரண்டாம் கருவியின் பட்டையை அடியோடு கழற்றிவிட முடியுமா என்று கேட்டார். முடியும், பத்து விநாடி வேலை என்றார் அவர். கழற்றியதை உமைரா இரண்டு கைகளாலும் ஏந்தி முகத்துக்கு அருகே கொண்டுபோனார். முகம் நெருங்கியதை உணர்ந்து கருவி தானாகவே விழித்துக்கொண்டது. முதற்கருவியில் இது நடவாது. அதன் பேட்டரியே பின்மண்டையில் இருப்பதால் வளையத்தைக் கழற்றினால் உயிர் போய்விடும். எடை முழுவதும் முன்பக்கம் இருப்பது குறை என்று நான் மதிப்பெண் குறைத்திருந்தேன். அந்தக் குறையினால்தான் இதைத் தலையில் கட்டாமல் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது.

ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. அதன் உடல் வழவழப்பானது. எண்ணெய்க் கை பட்டால் நழுவும். பிடிப்பதற்கு ஏதாவது வேண்டும். திருகு ஏற்றினாலோ பசை தடவினாலோ வாரண்டி போய்விடும் என்று ஆதர்ஷ் எச்சரித்தார். உமைரா சற்று நேரம் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க காக்கா பை தைக்கிறாக மேடம். ஒண்ணு கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன்."

ஆதர்ஷும் நானும் கையெழுத்திட்டு ஒரு கருவியை அவரிடம் ஒப்படைத்தோம். என் பொறுப்பில் வெளியே போன பொருள் என்பதால், வியாழன் மாலை நானும் அவருடன் போனேன்.

உமைரா காக்கா என்று அழைக்கும் அவருடைய தமையன் ஜெயினுலாப்தீனின் பட்டறை, தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே செல்லும் சந்தில், ஏணி போன்ற படிக்கு மேல் இருந்தது. ஆறு தையல் இயந்திரங்கள். சுவரோரம் பள்ளிப் பைகளும் லேப்டாப் பைகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. படி கவனம் என்று சொல்லி அவரே கீழே இறங்கி வந்து என்னை அழைத்துப் போனார். முதல் நாள் இரவே கொடுத்த கருவிக்கு அவர் ஓர் உறை தைத்து முடித்திருந்தார். கறுப்பு ரெக்சின், உள்ளே மெத்தென்ற பஞ்சு, சுற்றிலும் ஜிப்பு, மேலே கெட்டியான கைப்பிடி. தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. அத்தனை நேர்த்தியான வேலையை நான் கடைகளில்கூடக் கண்டதில்லை; அதை அவரிடமே சொன்னேன்.

உமைரா அதை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே இறக்கினார். காட்சி குலுங்கி இருண்டுவிட்டது. கருவியின் முன்புறத்தில் நான்கு சிறிய கேமராக்கள் உண்டு. அறையைப் பார்த்துத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை அறிகின்றன. உறை அந்த நான்கையும் ஓர் இழைகூடத் தெரியாமல் மூடியிருந்தது. மேலும், மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தால் கருவி பைபோலத் தொங்கியதே தவிர, முகத்துக்கு வரவில்லை.

"சாமானுன்னு குடுத்தா மூடித்தானே தைப்போம்," என்றார் ஜெயினுலாப்தீன். "நாலு பக்கமும் பத்திரமா."

"காக்கா, இது பூட்டி வைக்கிற சாமான் இல்ல. கண்ணு."

"கண்ணுக்கு ஜிப்பு வச்சுத் தச்சவன் இந்தத் தாராவியிலயே உன் காக்கா ஒருத்தன்தான்."

இயந்திரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்து, தான் தைத்ததை அங்கேயே பிரித்துப் போட்டார். அந்த நேர்த்தி வீணாகிறதே என்று எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. தங்கையைக் கருவியை வெறுங்கையால் ஏந்தி நிற்கச் சொன்னார். அவரைச் சுற்றி வந்தார். விரல்கள் எங்கே படுகின்றன, பெருவிரல் எதைத் தாங்குகிறது என்று குனிந்து பார்த்தார். கிண்ணத்தை வாய்க்கு உயர்த்துவதுபோல் இரண்டு பக்கமும் ஏந்தியிருந்தார் உமைரா. எத்தனை பிள்ளைகள் என்று ஜெயினுலாப்தீன் கேட்டார். நாற்பத்து மூன்று.

"சாமான அளந்தது போதும். பிள்ளைய கைய அளந்து கொண்டா."

என் பதினான்கு தலைப்புகளில் கையின் அளவு இல்லை. கீழே இறங்கும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையில் உமைரா ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தாளில் இடக்கையை வைத்துச் சுற்றி வரையச் செய்தார். ஓரத்தில் பெயரும் வரிசை எண்ணும். இடைவேளையில் அந்தத் தாள்கட்டை என்னிடம் காட்டினார். வரிசை எண் பிசகாமல் அடுக்கியிருந்தது. நாற்பத்து மூன்று கைகள். மிகச் சிறியது ராஜபாண்டி என்ற பையனுடையது. அதை எல்லாவற்றிற்கும் மேலே வைத்திருந்தார். மிகச் சிறிய கைக்குப் பொருந்தினால் மற்றவை தாமே பொருந்தும் என்றார். ஆதர்ஷ் இரண்டாம் கருவிகள் இன்னும் மூன்றைப் பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். வியாபாரத்தில் அவருக்கு அதிக ஆதாயம் தரக்கூடியது முதற்கருவி. இருந்தும் அவர் முணுமுணுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான்கு உறைகளும் வந்தன. முன்புறமும் பின்புறமும் திறந்து, கருவியின் இடுப்பை மட்டும் சுற்றிப் பிடிக்கும் பட்டை. அதை மூட இரண்டு அழுத்துப் பொத்தான்கள். இரு பக்கங்களிலும் காதுபோல ஒவ்வொரு வளையம். நான்கு விரல்கள் வளையத்துக்குள் நுழையும். பெருவிரல் தங்குவதற்கு அடியில் ஒரு சிறு மேடு. கருவியில் ஊசி படவில்லை, பசை படவில்லை. ஆதர்ஷ் புரட்டிப் பார்த்து, வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

நண்பகலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. முதல் நான்கு பிள்ளைகள் எழுந்து நின்று ஏந்தினார்கள். மூன்று நிமிடங்கள் கழிந்தன. அதற்குமேல் கைகள் தாழத் தொடங்கின. ஒருவன் முழங்கையைப் பெஞ்சில் ஊன்றப் பார்த்தான். ஆதர்ஷ் தயங்கியவாறு என் அருகே வந்து, கருவியோடு வரும் இதயப் பாடம் பதினெட்டு நிமிடம் ஓடும் என்றார். கையில் பிடித்துப் பதினெட்டு நிமிடம் எந்தப் பிள்ளையால் நிற்க முடியும்? அவர் சொன்னது சரி. முயற்சி அந்த இடத்தில் முடிந்துவிட்டதென்றே நான் எண்ணினேன். கணேசபாண்டியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உமைரா ஆதர்ஷின் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு நிமிஷம் யாருக்கு வேணும் தம்பி? மூணு நிமிஷம் பாக்கட்டும். கீழ வைக்கட்டும். வரையட்டும்."

அவர் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார். இரவு தம் வீட்டில் கருவியை ஏந்தி நின்று, தம் கை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார். பாடத்தை அந்த அளவுக்கு வெட்டியிருந்தார். வலக்கீழ் அறை ஒன்று மட்டும். அதற்குக் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி: ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகுமா? பார்த்துவிட்டு இறக்கியவர்கள் யாரிடமும் பேசாமல் தாம் கண்டதை வரைய வேண்டும். நால்வர் பார்க்க, முன்பு பார்த்தவர்கள் வரைய, இனிப் பார்க்க வேண்டியவர்கள் விடையை ஊகித்து எழுத, வகுப்பில் ஒருவர்கூடச் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தால் நான்கு கருவிகளில் காலை முழுவதும் போயிருக்கும். இந்தக் கணக்கில் இரண்டு பாடவேளைகளுக்குள் எல்லாரும் பார்த்துவிடலாம். பன்னிரண்டு கருவிகளும் வந்துவிட்டால் கால்மணி நேரமே போதும்.

பெஞ்சுகளுக்கு இடையே நடந்து பார்த்தேன். புதன்கிழமை அணிந்து பார்த்த பையன்களிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டபோது, சூப்பர் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. இன்று அதே பையன்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு, அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

அஸ்ரினின் முறை வந்தது. இம்முறை பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டாள். விரல்களை வளையங்களுக்குள் நுழைத்து, கருவியை முகத்துக்கு உயர்த்தினாள். முக்காட்டில் ஓர் ஊசிகூட அசையவில்லை. கையில் பிடித்துப் பார்ப்பவர்களால் தலையை மட்டும் திருப்ப இயலாது, உடலோடு திரும்ப வேண்டும். அவள் மெல்ல மெல்லக் காலை மாற்றி வைத்து ஒரு முழு வட்டம் திரும்பினாள். பிறகு ஒரே இடத்தில் அசையாமல் நின்றாள். மூன்று நிமிடம் முடிந்தும் இறக்கவில்லை. உமைரா அவள் தோளைத் தொட்டார்.

"மிஸ், இந்தக் கதவு ஒரு பக்கந்தான் தொறக்கு."

பிரேமலதா தன் படத்திலிருந்து நிமிர்ந்தாள். "கதவா? எனக்குத் தொறக்கவே இல்லயே."

"நீ அது மூடும்போது பாத்திருப்ப. எண்ணிக்கிட்டே பாரு. மூணு மடலு சேந்தாப்புல தொறக்கும்."

"நீ என்ன, உள்ள போய்க் குடியிருந்துட்டு வந்தியா?"

யார் சொல்வது சரி என்று உமைரா தீர்ப்புச் சொல்லவில்லை. கருவியை அஸ்ரினின் கையிலிருந்து வாங்கி, பிரேமலதாவிடம் நீட்டினார். முப்பது விநாடி என்றார். பிரேமலதா ஏந்திப் பார்த்தாள்; உதடுகள் அசைய எண்ணினாள். இறக்கிய பிறகு தன் படத்தில் பாதியை அழித்தாள். அஸ்ரின் உட்கார்ந்து வரையத் தொடங்கியிருந்தாள். மூன்று மடல்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நாண்களையும் விடவில்லை. அந்த நாண்களை அதுவரை வேறு யாரும் வரைந்திருக்கவில்லை.

ஒன்பதரைக்குள் நாற்பத்து மூன்று பேரும் பார்த்து முடித்தார்கள். குறிப்பேட்டில் ஒரு கோடும் இல்லை.

கணேசபாண்டியனுக்கு இப்போது மனம் நிறைந்துவிட்டது. எஞ்சிய ஐயம் ஒன்றே: பையன்களுக்குப் பட்டை, பெண்களுக்குக் கைப்பிடி என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். ஒரே வகுப்பு, ஒரே பாடம், எல்லாரும் கையில்தான் பிடிப்பார்கள் என்று உமைரா சொன்னார். அதற்குமேல் தலைமையாசிரியர் வற்புறுத்தவில்லை.

பழைய கடிதத்தின் குறுக்கே கோடிட்டு, இரத்து என்று எழுதினேன். அட்டவணையையும் புதிதாக எழுதினேன். பதினைந்தாவது தலைப்பு ஒன்றைச் சேர்த்து, அதை முதலிடத்தில் வைத்தேன்: வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் இருந்த கோலத்திலேயே பார்க்க இயலுமா? முதற்கருவிக்கு அதில் சுழியம். அத்தலைப்பில் தவறினால் மற்றவற்றைக் கூட்டவேண்டியதில்லை என்று அடிக்குறிப்பு இட்டேன். இம்முறை முதல் கையெழுத்தை உமைரா போட வேண்டும் என்று சொன்னேன். அவர் அட்டவணையை மறுபடியும் முழுவதும் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

கடிதம் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரத்தில் அறக்கட்டளையிலிருந்து தொலைபேசி வந்தது. பட்டையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைக்கும் முறையை எந்த வல்லுநர் பரிந்துரைத்தார், அவருடன் உடனே பேச முடியுமா என்று கேட்டார்கள். அறிவியல் ஆசிரியை உமைரா என்றேன். எட்டாம் வகுப்பில் இருக்கிறார், நாற்பத்து மூன்று படங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார், மணி அடித்த பிறகுதான் பேசுவார் என்று சொல்லி, தொலைபேசியை வைத்தேன்.